முதுகுப் பழக்கம்

சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஊரில் பாதிப் பேரை முதுகாகத்தான் தெரியும். லென்ஸ்காரர் மட்டும் விதிவிலக்கா என்ன? கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவர் வேலை, அதனால் வந்த பெயர். வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியில் கால்வாய்க் கரையோரம் ஒரு பாதை உண்டு. நடுவில் வெள்ளைக் கோடு. இந்தப் பக்கம் சைக்கிள் படம், அந்தப் பக்கம் மனிதன் படம். கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாய் இழுத்துப் போகும் தொப்பைக்காரர், கைவீசி நடக்கும் இரட்டையர், போனில் அழுதுகொண்டே போகும் ஒரு பையன் என்று எல்லாரும் கோட்டின் மேலேயேதான் நடப்பார்கள். அவர்களை எல்லாம் லென்ஸ்காரர் நன்றாக அறிவார், முதுகுப் பக்கமாக. தாண்டிய பிறகு திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்த்தால் கால்வாய்க்குள்தான் இறங்க வேண்டும்.

அந்த முதுகுகளில் ஒன்றோடு மட்டும் அவருக்கு ஏழாம் பொருத்தம். கொண்டையில் பெரிய கிளிப், இடது தோள் சற்றே சரிந்த நடை. மணி அடித்தால் போதும், அந்தம்மா சரியாக சைக்கிள் பக்கமாக ஒதுங்குவார். இவர் மறுபக்கம் ஒடித்தால் அவரும் பதறிக்கொண்டு மறுபக்கம் வருவார். போன வாரம் பிரேக் கிறீச்சிட்டு, மயிரிழையில் தப்பித்து, இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"காதுல என்னம்மா, பஞ்சா? நடக்கத் தெரியலன்னா வீட்டுக்குள்ளயே நடங்க!"

கத்திவிட்டு மிதித்துப் போய்விட்டார். கடைக்குள் நுழைவதற்குள் மறந்தும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டார் என்றால் பையனும் அவன் அம்மாவும்தான், அப்பா இல்லை. லென்ஸ்காரரின் ஒரே மகளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள், ஒருநாள் தானாகவே வந்து, "அப்பா, ஒருத்தரக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு மனிதர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று அழுதார். தனக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தம் எந்தக் காரணத்தாலும் முறியக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

பையனின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாய் நிறையப் பேச்சு, வீடு நிறையச் சிரிப்பு. வந்த சற்று நேரத்தில் லென்ஸ்காரரின் மனைவியோடு உடன்பிறப்பு போல ஒட்டிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. லென்ஸ்காரர் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பி வந்து பார்த்தால், பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார் சம்பந்தியம்மா. அதன் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். தேநீர் பாதியில் ஆறிக் கிடந்தது.

"கிளம்பலாம்டா, நேரமாச்சு" என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

அப்போதுதான் லென்ஸ்காரர் அதைப் பார்த்தார். கொண்டையில் கிளிப். இடது தோள் சரிந்த நடை.

கதவை மூடியதும் மனைவியைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"முதுகப் பாத்தேனே!"

"முப்பத்தஞ்சு வருஷமா என்னோட குடித்தனம் பண்றீங்க, கூட்டத்துல என்னை முன்னாடி பாத்தே கண்டுபிடிக்க மாட்டீங்க. பெருசா முதுகப் பாத்துட்டாராம்."

"என் குரலைக் கேட்டு அவங்களும் கண்டுபிடிச்சுட்டாங்க. இல்லன்னா மூஞ்சி ஏன் அப்படி ஆகணும்?"

இரண்டு நாள் கழித்து மகள் வேறு வந்து நின்றாள்.

"அப்பா, அவரோட அம்மா அன்னிலேர்ந்து சரியாவே சாப்பிடலயாம். தேதி குறிக்கலாமான்னா, அப்புறம் பாக்கலாங்கறாங்களாம். நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? தண்ணிதானேம்மா கொண்டுவந்து குடுத்தேன்" என்றார். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு முடிவோடு கிளம்பினார். சம்பந்தியம்மா ஷிஃப்ட் வேலை செய்கிறவர், காலையில் நடக்க வரலாம் அல்லவா? காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது. கால்வாய்க் கரையில் அந்த முதுகு போய்க்கொண்டிருந்தது. மணியடிக்கத் தைரியம் வரவில்லை. தாண்டிப் போய் முகத்தைப் பார்க்கவும் கால் வரவில்லை. நடக்கிற வேகத்தில் சைக்கிளை ஓட்டினால் அது ஆடத்தானே செய்யும்? குடிகாரன் மாதிரி தள்ளாடிக்கொண்டே பின்னால் போனார். எதிரே வந்த தொப்பைக்காரர் முறைத்தார், அவருடைய நாய் குரைத்தது. அந்தம்மா சட்டென்று திரும்பினார்.

"யாருய்யா நீ? எதுக்கு என் பின்னாலயே வர்ற?"

முன்பின் பார்த்திராத முகம். லென்ஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"இல்லம்மா... போன வாரம்... வீட்டுக்குள்ளயே நடங்கன்னு கத்தினது... மன்னிச்சுக்குங்க."

அந்தம்மா யோசித்துப் பார்த்தார். "அது நீங்களா? தினமும் நாலு பேரு கத்துறாங்க. யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? மணியடிச்சாலே எனக்குக் கை கால் ஓடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நியாயமாகப் பார்த்தால் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இது சம்பந்தியம்மா இல்லையென்றால், அவர் முகம் மாறியது எதனால்? தண்ணீர் டம்ளர் கழுவாமல் இருந்ததா? வீடு பிடிக்கவில்லையா? பெண்ணையே பிடிக்கவில்லையா? காரணம் தெரிந்த பயமாவது பரவாயில்லை, இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. அன்று கடையில் இடது கண் லென்ஸை வலது கண்ணுக்குப் பொருத்தி வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாலையில் எப்போதும் போலப் பெரிய சாலை வழியாகத் திரும்பினார். பின்னால் ஒரு பேருந்து வந்தது. பின்னால் பேருந்து வந்தால் அடுத்து ஹாரன் வரும், இது உலக வழக்கம். வரவில்லை. ஓரமாக ஒதுங்கி, போ என்று கை காட்டினார். போகவும் இல்லை. இவர் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக, அடக்க ஒடுக்கமாகப் பின்தொடர்ந்தது. அதற்குப் பின்னால் கார்கள் எல்லாம் காட்டுக் கத்தல் கத்தின. என்ன கூத்து இது, இன்றைக்கு யார் யார் பின்னால் போவது என்று கணக்கே இல்லையா?

சிக்னலில் நின்றதும் பேருந்து பக்கத்தில் வந்து நின்றது. முன்கதவு திறந்தது.

"சம்பந்தி!"

ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார் சம்பந்தியம்மா. முகம் வாடிப் போயிருந்தது.

"உங்க முகத்தை எனக்கு அதுவரைக்கும் தெரியாது சம்பந்தி. அன்னிக்குத் தண்ணி எடுக்க உள்ள போனீங்க பாருங்க, வலது தோளை உதறிக்கிட்டே. அதைப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த முதுகு தினமும் என் பஸ்ஸுக்கு முன்னாடி போற முதுகு. உங்க பின்னாடி ஹாரன் அடிச்சு அடிச்சு விரட்டினது நான்தான். மழைல தேங்கின தண்ணிய உங்க மேல வாரி அடிச்சதும் நான்தான். வேணும்னேதான் அடிச்சேன். வண்டி லேட்டு, எரிச்சல்... நீங்க என்னைக் கண்டுபிடிச்சிருப்பீங்க, பொண்ணு தரமாட்டீங்கன்னு பயந்து..." என்றவருக்குக் குரல் உடைந்தது. "என் பையன் பாவம், சம்பந்தி."

லென்ஸ்காரருக்கு அந்த மழைநாள் நன்றாக ஞாபகம் இருந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. நடுரோட்டில் நின்று, போகிற பேருந்தைப் பார்த்து, வயிறெரிந்து, கையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னதும் ஞாபகம் வந்தது.

"நானும் அன்னிக்கு ஒண்ணு சொல்லிட்டேன், சம்பந்தியம்மா" என்றார். "உன் வீடு விளங்காதுன்னு."

சம்பந்தியம்மா இருக்கையிலிருந்து இன்னும் எட்டிக் குனிந்தார்.

"அந்த வீட்டுக்குத்தானே உங்க பொண்ணு வரப்போறா?"

பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் ஊரே ஹாரனை அழுத்தியது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். கதவு மூடப் போனது. லென்ஸ்காரர் அத்தனை சத்தத்துக்கும் மேலே, பேருந்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"விளங்கும் சம்பந்தியம்மா! உங்க வீடு நல்லா விளங்கும்!"