பியர் என்கிற தலைநகரம்

அந்தப் பிப்ரவரியில் ஒருநாள் பனிப்புயல் கிளம்பியதால், புயல் நேரத்தில் நெடுஞ்சாலையை மூடுவதற்கென்று இருக்கிற இரும்புக் கதவை மதியமே இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கதவு இறங்கினால் போகிற வண்டியெல்லாம் எங்கள் ஓட்டல் வாசலில்தான் வந்து ஒதுங்கும். நான் அங்கே அடுப்படியில் இருந்தேன். பரிமாறுகிறவள் வெர்னா. ஐம்பதைத் தாண்டிய பெண், குரல் கணீரென்று இருக்கும்.

சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் போக்கிடம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தலைக்கேறும் என்பது வெர்னாவுக்குத் தெரியும். எங்கள் மேசைகளில் தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் விரிப்போம். அதில் அமெரிக்க வரைபடமும் மாநிலங்களைப் பற்றிய கேள்விகளும் அச்சடித்திருக்கும். அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"கேட்டுக்கோங்க எல்லாரும். நான் கேள்வி கேப்பேன். யார் நிறைய சொல்றாங்களோ அவங்களுக்கு செர்ரிப் பழம் அடைச்சு சுட்ட பை ஒண்ணு முழுசா. ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாநிலம் எது?"

"மெய்ன்!" ஜன்னலோர மேசையிலிருந்து ஒரு சிறுமி கத்தினாள். எட்டு வயது இருக்கும். எதிரே தாடி வளர்ந்த ஒரு இளைஞன், கண்ணெல்லாம் சிவந்து, காபிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தபோதே வெர்னாவிடம் சொல்லியிருந்தான்: பெயர் கோரி, இது என் மகள் டெஸ்ஸா, ஊர் ஆரிகன், அயோவாவில் அத்தை வீட்டுக்குப் போகிறோம்.

"எது இன்னும் மேற்கே இருக்கு, ரீனோவா, லாஸ் ஏஞ்சல்ஸா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? லாஸ் ஏஞ்சல்ஸ்தான். கடலோரத்துல இருக்கே!" என்றான் எமெட். மாதத்துக்கு இரண்டு தடவை எங்கள் வழியாகப் போகிற லாரிக்காரன்.

"ரீனோ," என்றாள் சிறுமி.

"ரீனோதான் சரி. கடற்கரை அங்க கிழக்கே வளைஞ்சு போகுது. முப்பது வருஷமா லாரி ஓட்டி என்னத்தைக் கிழிச்சே எமெட்?"

எல்லோரும் சிரித்தார்கள். கோரி சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சவுத் டகோட்டாவுக்குத் தலைநகரம்?"

"பியேர்," என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

"பியேர் இல்ல, பியர்!" டெஸ்ஸா நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள். "வெளியூர்க்காரங்கதான் பியேர்னு சொல்வாங்க. நாங்க பியர்னுதான் சொல்வோம்."

"பியரா? அது குடிக்கிறதில்ல?" என்றான் எமெட். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே கோரி சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்ததை நான் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெர்னாவும் பார்த்தாள்.

"நாங்கன்னா யாரு கண்ணு?" என்றாள் வெர்னா.

"அவ பாட்டி ஊரு அது," கோரி முந்திக்கொண்டான். "லீவுக்குப் போவா."

வெர்னா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ஆனால் அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது எனக்குத் தெரிந்தது. இரண்டு கேள்வி தள்ளி, காபிக் குடுவையை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனாள்.

"எங்க அக்கா ஆரிகன்லதான் இருக்கா. இந்தக் குளிர்ல நாமளே இறங்கி நின்னு பெட்ரோல் போடறதுதான் அங்கயும் பெரிய தொல்லை, இல்ல?"

"ஆமாங்க. கை விறைச்சுப் போயிடும்," என்றான் கோரி.

அந்த வருஷங்களில் ஆரிகனில் பங்க் ஆள்தான் வந்து பெட்ரோல் போட வேண்டும். நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. அங்கே வாழ்ந்தவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. வெர்னா கோப்பையை நிரப்பிவிட்டு, அவசரப்படாமல் நடந்து அடுப்படிக்குள் வந்தாள். உள்ளே வந்ததும் குடுவையைக் கீழே வைத்தாள்.

"டில்மன், அந்தப் பொண்ணு அவன் பொண்ணு இல்ல," என்றாள் என்னிடம்.

அதே நேரம் எமெட் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். சிகரெட் பிடிக்கப் போனவன் கோரியின் வண்டியைப் பார்த்திருக்கிறான். நம்பர் பலகை மேல் பனி அப்பியிருந்ததாம். "காத்துல வந்து ஒட்டின பனி இல்ல அது. கையால அப்பினது. தொடைச்சுப் பாத்தேன். மலையில செதுக்கின நாலு ஜனாதிபதிங்க மூஞ்சி போட்ட பலகை. சவுத் டகோட்டா வண்டி."

வெர்னா உள்ளூர்ப் போலீசான ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் செய்தாள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஆள் வருகிறது, அதுவரை சந்தேகம் வராதபடி அவனைப் பிடித்து வைத்திருங்கள் என்றார்கள். அவள் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"பை ஜெயிச்சது டெஸ்ஸா! வா தங்கம், எது வேணும்னு நீயே உள்ள வந்து பாத்து எடுத்துக்கோ."

கோரி எழுந்துவிட்டான். "எங்க கூட்டிட்டுப் போறீங்க? இங்கயே கொண்டு வாங்க."

"அடுப்படிக்குத்தாங்க. பத்து அடி இல்ல."

"இங்கயே கொண்டு வாங்கன்னு சொன்னேன்ல!"

எமெட் போய் வாசல் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். இன்னும் இரண்டு லாரிக்காரர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கோரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். நான் ரொட்டிக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அடுப்படியில் வெர்னா சிறுமிக்குக் கை கழுவிவிட்டாள். சட்டைக் கையை மேலே ஏற்றியபோது, முழங்கைக்கு மேல் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. விரல் விரலாகத் தெரிந்தது.

வெர்னா அப்படியே மண்டியிட்டாள். "இதை அவன் பண்ணினானா கண்ணு? பயப்படாம சொல்லு. இனிமே அவன் உன்னைத் தொட முடியாது."

"கோரி மாமாவா?" டெஸ்ஸா புரியாமல் பார்த்தாள். "இல்ல. இது டக்."

"டக் யாரு?"

"அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவரு. கோரி மாமா அம்மாவோட தம்பி. வழியில அப்பான்னு கூப்பிடச் சொன்னாங்க. நான் ரெண்டு தடவை மறந்துட்டேன்." அவள் குரல் சிறுத்தது. "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டக் தாடையை உடைச்சிட்டாரு. கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்காங்க. பேச முடியாது. நாங்க ஆரிகன்லாம் பாத்ததே இல்ல. நியூ மெக்சிகோ போறோம்."

வெர்னா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே பனிவண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று சுவரில் விழுந்தது.

வந்தவர் நோவாட்னி. ஷெரீஃபின் ஆள், எங்கள் ஊர்க்காரர், பொறுமைசாலி. வரும் வழியிலேயே வயர்லெஸ்ஸில் விவரம் கேட்டிருந்தார். மனைவியின் தம்பி குழந்தையைக் கடத்திப் போய்விட்டான் என்று காலையில் டக் புகார் கொடுத்திருக்கிறான். புகாரில் எழுதியபடி பார்த்தால் கோரி கடத்தல்காரன், டக் குழந்தையைக் காணாமல் தவிக்கிற தகப்பன். சிறுமி சொன்னதையும் அவள் கையில் இருந்த காயத்தையும் வெர்னா அவரிடம் சொன்னாள்.

கோரி கையை நீட்டிவிட்டான், விலங்கு மாட்டிக்கொள்ளச் சொல்கிறவன் மாதிரி. "என்னை என்ன வேணா பண்ணுங்க சார். அவளை மட்டும் அவன்கிட்ட அனுப்பாதீங்க. எங்க அக்கா சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

"பேச முடியாத அக்கா எப்படிப்பா சொன்னாங்க?"

"கண்ணாலதான் சொன்னா," என்றான் கோரி. சொன்ன பிறகு அது எவ்வளவு பலவீனமாகக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

நோவாட்னி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கப்படி அவர் செய்ய வேண்டியது டக்குக்குப் போன் போட்டு, வந்து குழந்தையை அழைத்துப்போகச் சொல்வதுதான்.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க," என்றாள் வெர்னா. "அந்தம்மாவுக்குப் பேச்சுதான் வராது. காது கேக்கும்ல?"

கடை போனைக் கவுண்டர் மேல் தூக்கி வைத்தோம். நர்ஸ் கிடைத்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, போனை நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோகக் கொஞ்ச நேரம் பிடித்தது. நோவாட்னி எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, நான் நெப்ராஸ்கா ஷெரீஃப் ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க பொண்ணு பத்திரமா இருக்கா. சில கேள்வி கேக்கறேன். ஆமான்னா போனை ஒரு தட்டு தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தட்டு. நான் பேசறது கேக்குதா?"

டொக்.

"கோரி உங்க கூடப் பிறந்த தம்பியா?"

டொக்.

"பொண்ணை அவர் கூட்டிட்டுப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

டொக்.

"நீங்கதான் போகச் சொன்னீங்களா?"

டொக்.

நோவாட்னி போன் பக்கம் இன்னும் குனிந்தார்.

"உங்களுக்கு இந்தக் காயம் எப்படி ஆச்சுன்னு கேக்கணும். கீழே விழுந்தீங்களா?"

டொக் டொக்.

"உங்க வீட்டுக்காரரா?"

நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். பிறகு, மெதுவாக, ஒரு தட்டு.

"பொண்ணை அவர்கிட்ட ஒப்படைக்கலாமா?"

டொக் டொக். டொக் டொக். டொக் டொக். நிறுத்தவேயில்லை. நர்ஸ் போனை வாங்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது. எமெட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டெஸ்ஸா கவுண்டர் மேல் எக்கி, "அம்மா, நான் நல்லா இருக்கேன்மா," என்று கத்தினாள்.

நோவாட்னி கோரிக்கு விலங்கு மாட்டவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. "நீ நல்லவனாவே இருக்கலாம். ஒரு நீதிபதி சொல்லாம குழந்தையோட உன்னை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல," என்றார். அங்கிருந்தே சவுத் டகோட்டா போலீசுடன் பேசி, தான் கேட்டதை அப்படியே சொன்னார். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் அதிகாரியை அனுப்பினார்கள். மறுநாள் டக்கைப் பிடித்தார்கள்.

சாலை திறக்கிறவரை டெஸ்ஸாவை வெர்னா வீட்டில் தங்க வைத்தார்கள். கோரி ஓட்டலின் பின்னறையில் படுத்துக்கொண்டான். நான் சாப்பாடு கொண்டுபோனபோது வாங்கிக்கொண்டான். வெர்னா பேசப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பண்ணினது தப்பா டில்மன்?" என்று அவள் என்னைக் கேட்டாள். அந்தக் கையைப் பார்த்திருந்தால் நானும் போன் செய்திருப்பேன். கதையைக் கேட்ட பிறகு செய்திருக்க மாட்டேன். அவள் போன் செய்தபோது அந்தக் கையைக்கூடப் பார்த்திருக்கவில்லை, வெறும் சந்தேகம்தான் இருந்தது.

சாலை திறந்ததும் டெஸ்ஸாவை அம்மா இருக்கிற ஊருக்கே திருப்பிக் கூட்டிப்போனார்கள். மே மாதம் அவளும் கோரியும் அம்மாவோடு மறுபடி வந்தார்கள், நியூ மெக்சிகோவுக்குப் போகிற வழியில். டெஸ்ஸாவின் அம்மா ஒல்லியான பெண். தாடை ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினாள். வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் போன்லதான் முதல் தடவையா ஒருத்தர் என்னைக் கேட்டாங்க," என்றாள். வெர்னா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கோரி உள்ளே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். வெர்னா வாசலுக்குப் போய்க் கையை உயர்த்தினாள். அவன் பார்த்தான். பதிலுக்குக் கையை உயர்த்தவில்லை; டெஸ்ஸாவும் அம்மாவும் ஏறியதும் என்ஜினைக் கிளப்பினான்.