கை படாத சோதனை

செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்று அவள் உள்ளங்கை பட்டதும் ஓட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்றைக்குச் செம்பு விலை லேசாக ஏறியிருந்தது, ஈயம் இறங்கியிருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில், வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரிக்கிற வேலையில் அவளுக்கு அது ஒன்பதாவது வருஷம். ஒயர் கிடையாது, பிளக் கிடையாது, பின்பக்க மூடிகூடக் கிடையாது. ஆனாலும் திரை நீலமாக விழித்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. கையை எடுத்தாள், அணைந்தது. வைத்தாள், எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போர்டிலிருந்து சில்லுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் காலில் போட்டுக்கொள்ளாமல் இருங்கள் அண்ணி என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் குவியலிலிருந்து ஒரு டிவியை இழுத்து வைத்து, அவள் இடது கையை அதன் தலைமேல் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட, ஷெட்டே உட்கார்ந்து நாடகம் பார்த்தது. ஸ்விட்ச் என்று பெயர் விழுந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. அவருக்கு அப்போது தலைக்குமேல் தொல்லை. சட்டம் மாறியிருந்தது. உடைந்த மின்னணுச் சாமானை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதானால், வாங்குகிற நாடு முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதமில்லாமல் வந்து இறங்கினால் அனுப்பியவர் தன் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற பழைய சாமானுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. ஆகவே செத்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் காகிதத்தில் உயிரோடு கப்பலேறின. ஆனால் துறைமுகத்துச் சோதனை அறையில் கண்டெய்னருக்குப் பத்து என்று எடுத்து மேஜையில் வைத்துப் பார்ப்பார்கள், அங்கே குட்டு உடைந்துவிடும். முதலாளி அவளுக்கு ஒரு நீலக் கோட்டும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் கொடுத்தார். தொழில்நுட்ப உதவியாளர் என்று அதில் போட்டிருந்தது. வேலை சுலபம். அதிகாரி பார்க்கும்போது தூசி துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றின் மேலும் கை வைக்க வேண்டும். மூன்று வருஷத்தில் ஒரு கண்டெய்னர்கூடத் தவறவில்லை. புருஷன் தினமும் அந்தக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தான். தெருவில் அவள் நடந்து போனால், ஆபீஸ் உத்தியோகம் என்று நாலு பேர் வழிவிட்டார்கள். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. பாஸான சாமான் பிறகு எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அது ஷெட்டுக்குத்தான் வந்தது. ஷெட்டின் பின்பக்கம் ஒயர்களைக் குவித்துக் கொளுத்தி, மேலே இருக்கிற பிளாஸ்டிக் எரிந்ததும் செம்பைப் பொறுக்குவது புருஷன் வேலை. நாலாம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள், இரண்டாவது மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறும்போது பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் புகையை விடச் சொல்லியிருந்தார். பீடியே குடிக்காதவன், எந்தப் புகையை விடுவது என்று கேட்டுச் சிரித்தானாம். அதைச் சொல்லிவிட்டு, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த நல்ல சேதி போல இன்னொன்றும் சொன்னான்.

"நீ பாஸ் பண்ணின பீஸ் எதுன்னு எனக்குத் தெரியும். நீ தொட்ட இடம் மட்டும் சூடா இருக்கும். அதைக் கடைசியாத்தான் கொளுத்துவேன்."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். கையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவும் இல்லை. இளைப்பு அப்படியேதான் இருந்தது. அவள் கை செத்த சாமானுக்குத்தான் பலித்தது. "நான் இன்னும் ஸ்கிராப் ஆகலடி" என்றான் அவன்.

அடுத்த வாரம் ஆறு கண்டெய்னர்கள் வந்தன. சோதனை அறைக்குப் புதிதாக ஓர் அதிகாரி மாற்றலாகி வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, எதையும் இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற அம்மாள். முதல் ஆறு கம்ப்யூட்டரும் ஜோராக எரிந்தன. முதலாளி ஜன்னலோரம் நின்று போனில் யாருக்கோ நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவதும் எரிந்தது. அவள் துணியை மேஜையில் வைத்தாள். இரண்டு கைகளையும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். திரை இருண்டது. ஏன் அணைந்தது என்று அதிகாரி கேட்டார்.

"அது செத்துப் பல வருஷமாச்சு மேடம். இவ்வளவு நேரம் எரிஞ்சது நான்தான்."

அதிகாரி வாய் பிளக்கவில்லை. மறுபடி வைக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார், பத்தையும் அப்படியே பார்த்தார். பிறகு பதிவேட்டில் இரண்டு பத்திகள் கோடு போட்டு, கை இருக்கும்போது, கை இல்லாதபோது என்று தலைப்பு எழுதினார். முதலாளி போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். சோதனையின்போது கை வைக்கக் கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான், எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால் கடிதங்கள் பறந்தன. அனுப்பிய நாடு, தங்கள் சாமான் ஓடியதை உங்கள் ஆட்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்களே என்று எழுதியது. ஓடினவள் எங்கள் ஊர்க்காரி, உங்கள் சாமான் அல்ல என்று அதிகாரி பதில் எழுதினார். ஐந்து மாதம் இழுத்தது. முதலாளி ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனார். நாற்பது குடும்பத்துக்கு வேலை போயிற்று. தெருவில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாத்தனாரே பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, அண்ணனுக்கு இருமல் குறைந்திருக்கிறதே என்றாள். புகையே இல்லாவிட்டால் எங்கிருந்து வரும் என்றாள் அவள். அத்தோடு பேச்சு சரியாகிவிட்டது.

கடைசியில் ஆறு கண்டெய்னர்களும் அனுப்பியவர் செலவிலேயே கப்பலேறின. அந்தத் துறைமுகத்திலிருந்து குப்பை திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தகரக் கூரைமேல் ஏறி நின்று, கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்குவதை எண்ணினார்கள். ஆறாவது தூக்கப்பட்டதும் யாரோ கைதட்ட, கூரையே அதிர்ந்தது. அவளை முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவள் கோட்டு போடவில்லை, சாதாரணப் புடவைதான். ஆனால் அவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் பெண்களெல்லாம் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டாவது படித்த நாத்தனார் விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பினாள். உள்ளூர்ச் சாமானை மட்டும், புகையை இழுத்து வடிகட்டுகிற குழாயோடு, உரிமம் வாங்கிப் பிரிக்கலாம் என்றாயிற்று. ஒயரைக் கொளுத்தாமல் தோலுரிக்கிற மிஷின் ஒன்று வந்தது. அதைப் புருஷன் ஓட்டுகிறான். மாடிக்கு இப்போதும் ஒரு தடவை நின்றுதான் ஏறுகிறான். ஓடக்கூடிய சாமான் எது, ஓடாதது எது என்று பிரிக்கிற பலகைக்கு மட்டும் அவளை யாரும் விடுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

நாலு வருஷம் கழித்து அந்த அதிகாரி தன் பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, பல நாடுகள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனார். பழைய சாமானைச் சோதிக்கும் விதிகளில், சோதனையின்போது எந்த மனிதரின் கையும் பொருளின்மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாட்டுப் பிரதிநிதி மட்டும் எழுந்து, கையுறை போட்ட கை இதில் சேருமா என்று விளக்கம் கேட்டார். சேரும் என்றார்கள். ஆட்சேபணை இல்லாமல் நிறைவேறியது. விதி பதினான்கு, உட்பிரிவு இ. இப்போது எந்தத் துறைமுகத்திலும் சோதனை தொடங்கும்போது எல்லோரும் மேஜையைவிட்டு ஓரடி தள்ளி நிற்கிறார்கள். சங்கத்தைப் பார்க்க வருகிற வெளியாட்கள், சுவரில் ஒட்டியிருக்கும் அந்த விதியைப் படித்துவிட்டு இது யாரைப் பற்றியது என்று கேட்டால், நாத்தனார் கையிலிருக்கிற வேலையை நிறுத்தாமல், "எங்க அண்ணி" என்கிறாள்.