அன்செல்மோவுக்கு இரண்டு சாட்சிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கையில் கொடுக்கப்பட்டது. கொடுத்தவன் யூட். மன்னார்க்காரன், நாற்பது வயது. நான் கணக்குப் பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. ஒரே மைக்ரோவேவுக்காக நாங்கள் தினமும் சண்டை போட்டுக்கொள்வோம்.

"வேதா அக்கா, மாமாவைப் பற்றி உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்றான் ஒருநாள்.

மாமா என்றது மாமனாரை. யூட்டின் மனைவி இனேஸ் ஆக்லாந்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா அன்செல்மோ ஸ்பெயின்காரர், வயது தொண்ணூறு. மூவரும் மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஒரு பழைய மரவீட்டில் இருக்கிறார்கள்.

இதை எழுதாதீர்கள் என்று யூட் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் எழுதியிருப்பேன்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

முதல் முயற்சி: "அரகோன் மலைச்சரிவில் ஆலிவ் மரங்கள் வெள்ளி இலைகளை அசைத்துக்கொண்டு..."

[இதோடு நிறுத்தினேன். நான் ஸ்பெயினின் அரகோனைப் பார்த்ததில்லை. மலேசியாவின் கிள்ளானில் பிறந்து ஆக்லாந்தின் பக்குரங்காவில் வீட்டுக்கடன் கட்டுகிறவள். எனக்குத் தெரிந்த ஆலிவ் எல்லாம் பிளாசா கடையில் போத்தலுக்குள் இருப்பவைதான்.]

இரண்டாவது: "தேவாலயத்தின் பதிவேடுகளை அவர்கள் கொளுத்திய அந்த இரவில்..."

[இரவு என்று யார் சொன்னது? பட்டப்பகலாகவும் இருந்திருக்கலாம். கொளுத்துவது என்றாலே கை தானாக இரவு என்று எழுதிவிடுகிறது. அந்தக் கையை நம்ப முடியாது.]

மூன்றாவது: "என்னை யாரும் எழுதிவைக்கவில்லை."

இதை விட்டுவைக்கிறேன். இது என் வாக்கியமில்லை, அன்செல்மோவுடையது. தன் குடும்பம் பற்றி யார் கேட்டாலும் அறுபது வருடங்களாக அவர் சொல்லும் பதில் இது ஒன்றுதானாம். இனேஸிடம் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னபோதும் இதைத்தான் சொன்னார். அவள் ஒரே ஒரு கிளை வைத்து மரம் வரைந்துகொண்டு போனாள்.

3

நடந்தது இது. இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

அன்செல்மோ 1935-இல் அரகோன் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் பிறந்தார். (ஊரின் பெயரைப் போடவேண்டாம் என்றார். போடவில்லை.) அடுத்த வருடம் உள்நாட்டுப் போர். அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகங்களும் நகரசபையின் பிறப்புப் பதிவுகளும் எரிந்துபோயின. 1938-இல் சண்டை ஊரை நெருங்கியபோது சிறுபிள்ளைகளை லாரியில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பினார்கள். அன்செல்மோவுக்கு அப்போது மூன்று வயது. சட்டையில் தைத்த துணித்துண்டில் அவர் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. அம்மாவின் பெயர் இல்லை.

போர் முடிந்ததும், அவரை வளர்த்த கன்னியாஸ்திரீகளின் இல்லத்திலிருந்து அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கடிதம் போனது. 1935-இல் அப்படியொரு பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. எரிந்தது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இல்லத்தை விட்டு வெளியேறிய நாளில் அந்தப் பதிலையும் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதோடுதான் கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்தார்.

இல்லை என்ற சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் விஷயம். தன்னை யாரும் தேடவில்லை, லாரி ஏற்றிவிட்டதோடு கைகழுவிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். ஒரு மனிதன் அந்த நினைப்போடு தொண்ணூறு வயது வரை வாழ்ந்திருக்கிறான் என்று கேட்டபோது தோசையை அப்படியே மூடிவைத்தேன்.

(ஓரக்குறிப்பு: ஸ்பெயினில் ஞானஸ்நானப் பதிவு என்பது பிள்ளையின் பெயரும் தேதியும் மட்டுமல்ல. அப்பா, அம்மா, இருபக்கத்துத் தாத்தா பாட்டிகள், ஞானப்பெற்றோர் என்று எல்லாரையும் ஊர்பெயரோடு எழுதுவார்களாம். ஒரு பத்தியில் மூன்று தலைமுறை. நான் முந்நூறு பக்க நாவலில் முயன்று தோற்ற காரியம் அது.)

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். அன்செல்மோ பேசவேண்டும். எந்தத் தமிழில்?

அவர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். கோபம் வந்தால் ஸ்பானியம். எனக்குச் சொன்னவனோ யூட், அவன் சொன்னது மன்னார்த் தமிழில். ஆகவே என் காதில் அந்தக் கிழவர் "ஓம்" என்றும் "எண்டு" என்றும்தான் பேசுகிறார். திருத்திப் பார்த்தேன். திருத்தியதும் ஆள் செத்துவிட்டார். அப்படியே விடுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் இனேஸ் மறுபடி விசாரிக்கலாம் என்றாள். அந்தக் காலத்துப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிவிட முடியாது. உயிரோடு இருக்கிறவருடைய பதிவென்றால் அவரே கையெழுத்திட்டுக் கேட்கவேண்டும் என்று அந்த ஊர்த் தேவாலயத்தை நிர்வகிக்கும் மறைமாவட்டத்தில் சொன்னார்கள். அவள் கடிதத்தை எழுதி அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.

"ஒருக்கா கேட்டாச்சு, இல்லையெண்டு சொல்லியாச்சு. இந்த வயசில திரும்பவும் இல்லையெண்டு கேக்கோணுமோ?"

இந்த இடத்தில் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். பிடிவாதக்காரக் கிழவர் என்பது கதைகளில் மலிந்த சரக்கு. இன்னும் கொஞ்சம் பிடிவாதம் சேர்த்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். யூட்டிடமே கேட்டேன்.

"அவரு நெஜமாவே அப்படித்தானா? இல்ல நீ கொஞ்சம் கூட்டிச் சொல்றியா?"

"பிடிவாதம் இல்லையக்கா, பயம்" என்றான்.

அதன்பிறகு அன்செல்மோ எனக்குப் பிடித்துப்போனார்.

5

யூட் மாமனாரை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. ஆனால் கோப்பைக்கு அடியில் கிடந்த கடிதத்தில் 1935 என்ற எண் அவன் கண்ணில் பட்டது. இது நமக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே என்று தோன்றியதாம்.

யூட் பிறந்தது மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் வளவில். இலங்கைப் போரில் சனம் ஊரை விட்டு ஓடி அங்கே தஞ்சம் புகுந்திருந்த நாட்களில், தார்ப்பாய் கட்டிய ஒரு கொட்டிலில் பிறந்தான். பிறப்பைப் பதிவதற்கு அங்கே அலுவலகமும் இல்லை, அலுவலரும் இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு அவன் நியூசிலாந்து விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது மன்னாரில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அவன் மாமனாரின் எதிரே உட்கார்ந்து இதைத்தான் சொன்னான்.

"மாமா, நான் பிறந்த வருசத்துப் புத்தகத்தில என்னைக் காணேல்ல. அப்பிடியொரு ஆளே இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

"பிறகு?"

"அம்மா போன் எடுத்து ஏசினா. பிறந்த வருசத்தில ஏன் தேடுறியள், எழுதின வருசத்தில தேடுங்கோ எண்டு. சண்டை கொஞ்சம் ஓய்ஞ்ச பிறகு அவ போய்ப் பதிஞ்சவ. அயல்வீட்டுச் சனம் ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், இவன் என்ர பிள்ளை, இன்ன நாள் பிறந்தவன் எண்டு சொல்லி எழுதுவிச்சவ. நான் அந்த வருசத்துப் புத்தகத்தில இருந்தன்."

யூட் அதோடு நிறுத்தவில்லை.

"உங்கட ஊரிலயும் எரிஞ்சதைத் திரும்ப எழுதியிருப்பினம்தானே? ஆக்கள் கலியாணம் கட்டோணும், காணி எழுதோணும், பேரில்லாமல் ஏலுமே? உங்கட இல்லத்தில இருந்து கடிதம் போனது எப்ப?"

"முப்பத்தொன்பது."

"எழுதினது அதுக்குப் பிறகெண்டால்?"

[இங்கே ஒரு ரயில் கடந்து ஜன்னல் அதிர்ந்தது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் ரயில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.]

கிழவர் கோப்பையை எடுத்தார். கடிதத்தில் காப்பி வட்டம் விழுந்திருந்தது. புதிதாக ஒன்று அச்சடித்துத் தருகிறேன் என்றாள் இனேஸ். வேண்டாம் என்று சொல்லி அதிலேயே கையெழுத்துப் போட்டார்.

6

அந்த ஊருக்கு இப்போது தனிப் பாதிரியார் இல்லை. ஐந்தாறு ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். இருந்தும் ஒரு மாதத்துக்குள் பதில் எழுதினார். நல்ல மனிதர், அவரிடம் நான் எந்த மாற்றமும் செய்யப்போவதில்லை.

எரிந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் எழுதிய புத்தகத்தில், 1941-ஆம் வருடத்துப் பக்கத்தில் அன்செல்மோ இருந்தார். ஸ்பானியத்தில் இருந்ததை இனேஸ் ஆங்கிலத்தில் சொல்ல, யூட் தமிழில் சொல்ல, நான் எழுதுகிறேன். மூன்று கை மாறியது. பிழை இருந்தால் கடைசிக் கையினுடையது.

"கசில்தா என்பவள் என் முன்னிலையில் வந்து, 1935 ஏப்ரல் 21 அன்று தனக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்ததாகவும், அவன் இவ்வாலயத்தில் அன்செல்மோ என்று ஞானஸ்நானம் பெற்றதாகவும், அப்பதிவு எரிந்துபோனதாகவும் உறுதி கூறினாள். பிள்ளை போர்க்காலத்தில் மற்றப் பிள்ளைகளோடு அனுப்பிவைக்கப்பட்டவன். ஊரில் இல்லை. இருக்குமிடம் தெரியாது. சாட்சிகள் இருவர்: பிரசவம் பார்த்த மருத்துவச்சி, ஊரின் ரொட்டிக்காரர்."

அதன்கீழே அப்பாவின் பெயர். அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள், அவரவர் ஊர்கள். இனேஸின் ஒற்றைக் கிளைக்கு ஒரே நாளில் மரம் வந்துவிட்டது.

பாதிரியார் தன் சார்பில் சில வரிகள் சேர்த்திருந்தார். திரும்பி வராத மற்றப் பிள்ளைகளை இறந்ததாகத்தான் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் இல்லை என்று எழுதியிருப்பது இவர் ஒருவரை மட்டும்தான். அப்படித்தான் எழுதவேண்டும் என்று அந்தத் தாய் நின்றிருக்கவேண்டும்.

இதை யூட் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. எழுத்தாளருக்கு அழகில்லைதான். வந்தது.

7

என் வரைவில் அன்செல்மோவும் அழுதார். யூட் அதை இனேஸுக்குப் படித்துக்காட்டியிருக்கிறான். அடுத்த நாள் திருத்தத்தோடு வந்தான்.

"அக்கா, மாமா அழேல்ல. நீங்கள் அழுததை அவரில போட்டுட்டீங்கள் எண்டு இனேஸ் சொல்றா."

"அப்ப என்னதான் செஞ்சாரு?"

"ஊரில் இல்லை எண்ட வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, செத்துப்போனான் எண்டு எழுதியிருந்தால் அந்த மனிசிக்குச் சுகமா இருந்திருக்கும், ஏன் எழுதேல்ல எண்டு கேட்டார். வெளிய போய் எலுமிச்சை மரத்தடியில கனநேரம் இருந்தார். உள்ள வந்து, பசிக்குது எண்டார்."

நான் தோற்றுப்போன இடம் இது. பசிக்கிறது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

8

கதை இங்கே முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பாதிரியாரின் கடிதத்தில் கடைசியாக ஒரு பத்தி இருக்கிறது. 1944-இல் அதே கசில்தாவுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. பெயர் அதேலா. அவளைப் பற்றி விசாரிக்கவா என்று கேட்கிறார். விசாரிப்பதென்றால் அன்செல்மோ இன்னொரு கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. அதேலாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது, காது கொஞ்சம் மந்தம். மவுண்ட் ஆல்பர்ட் சமையலறையில் கணினித் திரையில் தோன்றி, என் பிறந்தநாளுக்கெல்லாம் அம்மா உனக்கும் ஒரு தட்டு வைப்பாள் என்கிறாள். [தட்டு நான் வைத்தது. எடுத்துவிட்டேன்.]

ஆ. அதேலா இல்லை. அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் பெயரும்... [வேண்டாம். இது எனக்கே அதிகம்.]

இ. அன்செல்மோ கையெழுத்துப் போடவில்லை. அம்மா தேடினாள் என்பதே போதும் என்கிறார். [எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவருக்கு உரிமை உண்டு.]

இன்று மதியம் யூட்டிடம் நிலவரம் கேட்டேன்.

"கடிதம் மேசையில கிடக்குது. கோப்பை வைக்கேல்ல. காலமை கண்ணாடி எங்கயெண்டு கேட்டவர். இனேஸ் தேடிக்கொண்டிருக்கிறா."

"நெத்தியில இருக்கான்னு பாக்கச் சொல்லு."

"அங்கயும் பார்த்தாச்சு."

கண்ணாடி கிடைக்கும் வரை என்னால் காத்திருக்க முடியாது. கதைக்கு நான்தான் பொறுப்பு, கையெழுத்துக்கு இல்லை. ஆனால் 1941-இல் ஒரு தாய் ஒரு வரியைத் திறந்தே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்: இருக்குமிடம் தெரியாது. அந்த வரியை எழுதி முடிக்க எனக்குத் தெரியும். நான் பாதிரியார் இல்லை, பதிவாளரும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பிறந்த வருடத்தில் தேடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

9

அன்செல்மோ. கசில்தாவின் மகன். பிறந்தது 1935 ஏப்ரல் 21. போர்க்காலத்தில் அனுப்பிவைக்கப்பட்டவர். இருக்கிறார். இருக்குமிடம்: ஆக்லாந்து, மவுண்ட் ஆல்பர்ட், முற்றத்தில் எலுமிச்சை நிற்கும் வீடு. இப்போது கண்ணாடி தேடுகிறார்.

இவையெல்லாம் உண்மையென்று உறுதி கூறும் சாட்சிகள் இருவர்:

ஒன்று: வேதவள்ளி, பக்குரங்கா.

இரண்டு: (இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்கள் பெயரும் ஊரும்.) ....................