வரிசையில் நின்ற மம்மி

"சிவப்பு விளக்கைப் போடு ஆல்ஃப், சீக்கிரம்!"

கத்திக்கொண்டே ஓடிய இயக்குநர் ஹெஸ்டர், படப்பிடிப்பு அரங்கின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே சுத்தியலும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். விளக்குக்காரன் ஆல்ஃப் விசையைத் தட்ட, கதவுக்கு மேலே சிவப்பு எரிந்தது.

அவ்வளவுதான். லண்டனை ஒட்டிய அந்த ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே கேமரா ஓடுகிறது என்று அர்த்தம்; எவனும் உள்ளே வர மாட்டான். அவன் வீடே பற்றி எரிந்தாலும் விளக்கு அணையட்டும் என்று மழையில் நிற்பான்.

"கேமராவுல பிலிமே ஏத்தல, தலைவி" என்றான் ஆல்ஃப்.

"அது வெளிய நிக்கிறவனுக்குத் தெரியுமா?"

அந்த எகிப்துக் கல்லறை அரங்கம் லோமாக்ஸுடையது. பேய்ப்படம் எடுத்தே பணக்காரர் ஆனவர். தன் படம் முடிந்ததும், "இடிக்கிறதுக்கு முன்னாடி மதியம் வரைக்கும் வச்சுக்கோ" என்று ஹெஸ்டரிடம் கைகுலுக்கியிருந்தார். அவள் எடுப்பது அவர் படத்தையே கிண்டலடிக்கும் படம் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். காலையிலேயே இடிக்க ஆட்களை அனுப்பிவிட்டார். இன்னும் ஒரே ஒரு காட்சி பாக்கி. அது இல்லையென்றால் ஹெஸ்டரின் படத்துக்கு முடிவே இல்லை.

காட்சி இதுதான். சுவரைப் பிளந்துகொண்டு மம்மி கழுத்தை நெரிக்க வருகிறது. உள்ளே ஆராய்ச்சியாளர்கள் தேநீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி திரும்பி, "வரிசை அங்க முடியுது" என்கிறாள். மம்மி கடைசியில் போய் நிற்கிறது.

மூன்று நாளாக ஒத்திகையில் இதைக் கெடுத்துக்கொண்டிருந்தவன், மம்மியாக நடிக்கும் சிரில். நாடகக் கொட்டகையில் கோமாளி வேஷம் கட்டியே பழகியவன். நகைச்சுவை வந்ததும் கட்டுக்குள்ளிருந்து கேமராவைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

"இன்னைக்குக் கண்ணடிச்சே, நானே உன் கழுத்தை நெரிச்சிடுவேன் சிரில். நிஜமாவே கொல்ல வா. வரிசையைப் பார்த்ததும் நிஜமாவே வெட்கப்படு. சிரிக்கிற வேலை ஜனங்களுக்கு, உனக்கில்ல."

தலை முதல் கால் வரை துணி சுற்றிக் காலையிலேயே தயாராக நின்ற மம்மி, மௌனமாகத் தலையாட்டியது. துணி சுற்றிவிட்ட டாட், வாயில் குண்டூசிகளோடு குனிந்துகொண்டாள்.

பிலிம் ஏறியது. "ஆரம்பி!"

சுவர் பிளந்தது. மம்மி வலது காலை இழுத்துக்கொண்டு வந்தது. சிரில் எப்போதும் இடது காலை அல்லவா இழுப்பான்? யோசிப்பதற்குள் ஹெஸ்டருக்கு முதுகு சில்லிட்டது. கேலி இல்லை, நிஜமான பயம்.

"வரிசை அங்க முடியுது."

தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. மூவாயிரம் வருஷமாகக் கட்டிக்காத்த மரியாதையை ஒரு நொடியில் இழந்தவன் போலத் தலை குனிந்தது மம்மி. கடைசியில் போய், முன்னால் இருப்பவரை இடிக்காமல் ஓரடி தள்ளி நின்றது.

ஆல்ஃப் சிரிப்பை அடக்கத் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டான். "கட்!" என்றதும் கூரை பிய்த்துக்கொண்டு போகச் சிரித்தார்கள்.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. நனைந்த கோபத்தோடு லோமாக்ஸ்.

"பிலிமைக் கொடு."

"முடியாது."

"எவரார்ட் ஸ்டேன் எனக்காகப் பதினோரு படத்துல மம்மியா நடந்திருக்கார். வலது காலை இழுக்கிற அந்த நடை என் கம்பெனி சொத்து! நீ அதை நையாண்டி பண்றேன்னு கேள்விப்பட்டு, மனுஷன் மனசொடிஞ்சு காய்ச்சல்ல கிடக்கறார். அவரே உன் மேல கேஸ் போடுவார்!"

"போடட்டும் சார். அந்தப் பதினோரு படத்தையும் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சு பார்த்தவ நான். பிடிக்காததை எவளாவது இவ்வளவு மெனக்கெட்டுக் கிண்டல் பண்ணுவாளா? கோர்ட்டுல இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுறேன். ஜட்ஜ் சிரிக்கலன்னா தொழிலையே விட்டுடறேன். இப்ப வழியை விடுங்க."

பிலிம் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடப்பாரை ஆட்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மன்னிச்சுக்குங்க தலைவி. பஸ் லேட்டு. வந்து பார்த்தா சிவப்பு லைட்டு. அதான் இவங்க பின்னாடி வரிசையில நின்னுட்டேன்."

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நின்றான் சிரில்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. மம்மி இன்னும் வரிசையில்தான் இருந்தது. அதன் முறை வந்து, கையில் தேநீர்க் கோப்பை.

டாட் வாயிலிருந்து ஊசிகளை எடுத்துவிட்டு மம்மியிடம் போனாள். "முடிச்சு பின்னாடி இருக்கு, சார். நானே அவிழ்க்கறேன்."

துணி சுற்றுச் சுற்றாக விழுந்தது. நரைத்த புருவம். வேர்வை. ஊரெங்கும் சுவரொட்டியில் முறைத்த அந்த முகத்தில், யாரும் பார்த்திராத ஒரு குறும்புச் சிரிப்பு.

"காய்ச்சல் விட்டுடுச்சு, லோமாக்ஸ்" என்றார் எவரார்ட் ஸ்டேன்.