மேவின் மூன்று நிபந்தனைகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அண்ணன் ராஸின் மகள் மேவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். சாப்பிடவே பயப்பட வைக்கும் மனநோயான உணவுக் கோளாறுக்கு எங்கள் ஊரிலேயே சிகிச்சை வேண்டும் என்று இயக்கம் நடத்துகிறோம். செய்திமடலில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. நான் பேனாவை எடுப்பதற்குள் மேவ் முந்திக்கொண்டாள்.

"அத்தை, என் எடைன்னு ஒரு எண்கூட வரக் கூடாது. நான் எப்படி இருந்தேன்னு வர்ணிக்கக் கூடாது. நான் என்ன சாப்பிட்டேன்னு எழுதவே கூடாது."

"அப்புறம் கதைல என்னதான்டி இருக்கும்?"

"அது உன் பாடு. நீதானே எழுத்தாளர்!"

சமையலறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு விருந்து போடச் சொன்ன மாதிரி இருந்தது.

2

முதல் தொடக்கம்: 'பத்தொன்பது வயது மேவ், கண்ணாடி முன்னால் நின்று தன்—'

வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த வீட்டில் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்பது ராஸ்தான். வழுக்கை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பான்.

இரண்டாம் தொடக்கம்: 'எங்கள் கெல்சோ முனையிலிருந்து மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டுக்குக் காரில் மூன்றரை மணி நேரம்.'

இது தேவலை. சிகிச்சை அங்கே, நோயாளி இங்கே. இரண்டு வருடம் வாரம் தவறாமல் ராஸ் அவளை அழைத்துப் போனான்.

[வரைவின் ஓரத்தில் மேவ் எழுதியது: அப்பா வழியெல்லாம் பாடினத விட்டுட்டியே. நோயவிட அதுதான் கொடுமை.]

நாங்கள் கேட்பது பெரிய கோட்டை இல்லை. வாரத்தில் மூன்று நாள், எங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு சிகிச்சைக் குழு. அது வந்தால் மேவ் படகு கட்டும் பட்டறையில் தன் பயிற்சியைத் தொடரலாம். வராமல், நோய் மறுபடி திரும்பினால், மறுபடி ஹோபார்ட். பட்டறை அவளுக்காகக் காத்திருக்காது.

3

தேர்தல் சனிக்கிழமை. பள்ளி வாசலில் ஓட்டுப் போட வருபவர்களுக்கு சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைச் சுட்டு ரொட்டியில் வைத்து விற்கும் கடையை, பெற்றோர் சங்கம் இந்த முறை எங்களுக்குக் கொடுத்தது. வரிசையில் நிற்பவர்களிடம் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உணவுக் கோளாறு மேசையில் சாசேஜா, மேவ் மனசு என்ன ஆகும் என்று பயந்து, எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் ஒளித்துவிட்டேன். துண்டுப் பிரசுரமும் ஊதா பலூனும் மட்டும் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நான்கு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தார். "சாசேஜ் எங்கம்மா?"

"இல்லைங்க, இது உணவுக் கோளாறு சிகிச்சைக்காக..."

"அதுக்கு எங்கள ஏன் பட்டினி போடுறீங்க?"

(இந்தப் பெரியவர் கொஞ்சம் வசதியாக வந்து விழுகிறாரோ என்று எனக்கே சந்தேகம். அழித்துப் பார்த்தேன். கதை நொண்டியது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

பத்து மணிக்கு மேவ் வந்தாள். பட்டறை உடை, தலையெல்லாம் மரத்தூள்.

"யாரு இத முடிவு பண்ணது?"

நான் கையைத் தூக்கினேன்.

"என்னைக் கேட்டியா?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்டி..."

"அத்தை, எனக்குச் சாப்பாட்டப் பாத்தா பயம்தான். நீயும் அத ஒளிச்சு வெச்சா, பயப்பட வேண்டிய சாமான்தான்னு நீயே சொல்ற மாதிரி ஆயிடாதா? அடுப்பப் பத்த வை."

இடுக்கியை அவளே எடுத்துக்கொண்டாள். வெங்காயம் வதங்கும் வாசனை கால்பந்து மைதானம் வரை போயிருக்கும். வரிசை தெருவைத் தொட்டது.

"கையெழுத்து கட்டாயமில்லைங்க!" என்று கத்தினாள் மேவ். "ஆனா வெங்காயம் இன்னும் வேகல. சும்மாதானே நிக்கிறீங்க?"

எதிரும் புதிருமான இரண்டு வேட்பாளர்களும் அடுத்தடுத்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மனுத் தாளில் தக்காளி சாஸையும் சேர்த்துப் போட்டார். மாலைக்குள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நான் சந்தோஷத்தில், உதவிக்கு வந்திருந்த ராஸின் வழுக்கையில் முத்தம் கொடுத்தேன்.

4

முடிவு ஒன்று: அரசு எங்கள் ஊருக்குச் சிகிச்சைக் குழுவை அறிவிக்கிறது. இன்னும் அறிவிக்கவில்லை; 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம்தான் வந்திருக்கிறது. பொய் எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: இரண்டு வேட்பாளர்களும் கட்டிப்பிடித்து— சே, இதை யார் நம்புவார்கள்?

முடிவு மூன்று: கடையைக் கட்டும்போது தட்டில் ஒரு சாசேஜ் மிஞ்சியது. மேவ் அதை ரொட்டியில் வைத்து, மேலே வெங்காயம் போட்டு, பள்ளிப் படியில் போய் உட்கார்ந்தாள். பிறகு அவள்—

[மேவ்: அத்தை, மூணாவது நிபந்தனை.]

ஞாபகம் இருக்கிறதடி. இரண்டு வருடத்தில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது: சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்க்கக் கூடாது. ராஸ் கடற்பறவைகளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தான். நான் பலூன்களை எண்ணினேன்.

வாசகரே, நீங்களும்தான். இவ்வளவு நேரம் அதற்காகத்தானே காத்திருந்தீர்கள்? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ராஸைப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மேவே, வாயைத் திறக்க முடியாததால், உங்களுக்குக் கையசைத்து நன்றி சொல்வாள்.