பாசி அள்ளிய குளம்

பிள்ளைகள் அவளைத் தட்டான் மிஸ் என்று கூப்பிட்டார்கள். குளத்தின் அடிச்சேற்றில் ஊரும் அந்த அவலட்சணமான புழுதான் ஒரு நாள் தட்டானாகிப் பறக்கும் என்று முதல் நாள் பாடத்தில் சொன்னதுதான் தாமதம், பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வருவது சனிக்கிழமை மட்டும்தான் என்பதால் அது சனிக்கிழமைப் பெயர். மற்ற நாட்களில் அவளைக் கூப்பிட யாருமில்லை.

மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்தது அந்தக் குளம். கரையில் ஒரே ஓர் அறை. அதில் நுண்ணோக்கி, வலைகள், வெள்ளைத் தட்டுகள், அவள். குளத்தைக் காக்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லித்தரவும் ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்தது. பிள்ளைகளை ஏற்றிவரும் வேனும் அந்த நிதியில்தான் ஓடியது. அதைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அறக்கட்டளைத் தலைவியே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. வேன் நின்றால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லையென்றால் அவள் வாய் திறக்க அந்த ஒரு நாளும் மிஞ்சாது.

"நீ பேசுறதே பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காது. அன்னைக்காவது சத்தமா பேசுடி," என்றாள் அக்கா, தொலைபேசியில்.

"நான் எதுக்குக்கா பேசணும்? குளமே பேசிக்கும்."

"அப்படியா? உனக்கு எப்போ கல்யாணம்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லு."

தலைவி வரவிருந்த சனிக்கிழமை, காலையில் வீட்டிலிருந்து வந்து கரையேறியவள் அப்படியே நின்றுவிட்டாள். குளத்தில் வானம் தெரிந்தது. பொட்டுப் பாசி இல்லை. ஓரத்துக் கோரையை ஒட்ட வழித்திருந்தார்கள். கரையெங்கும் வெள்ளைத் தூள். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

அறக்கட்டளை மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எப்படி? நேத்து உங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, ஆள் வெச்சு ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"பாசிய எங்க சார் போட்டீங்க?"

"லாரியில ஏத்தி அனுப்பியாச்சும்மா. கவலையே படாதீங்க."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

வேன் வந்தது. பின்னாலேயே தலைவியின் கார். "அடேயப்பா, கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்றபடி இறங்கினார் அவர்.

பிள்ளைகள் வலை வீசி, அள்ளியதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தார்கள். தண்ணீர். மறுபடி வீசினார்கள். மறுபடியும் தண்ணீர்.

"மிஸ், என் தட்டுல ஒண்ணுமே இல்ல."

"என்னுதுலயும்."

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி நிமிர்ந்தாள். "எல்லாரும் லீவுல போயிட்டாங்களா மிஸ்?"

தலைவி வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப அழகான குளம். இப்படியே வெச்சுக்கோங்க, போதும். நிதி தொடரும்."

மேனேஜர் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒரு நன்றி சொன்னால் முடிந்தது. பிள்ளைகளும் காலித் தட்டுகளோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்று அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான்.

"இல்ல மேடம்."

"என்னம்மா? காதுல விழல."

"இப்படி வெச்சுக்க முடியாது மேடம். இதுல இப்போ உயிரே இல்ல. பாசியோட எல்லாத்தையும் அள்ளிட்டோம். மிச்சத்தைப் பவுடர் கொன்னுடுச்சு."

அள்ளிட்டோம் என்று அவள் தன்னையும் சேர்த்துச் சொன்னபோது மேனேஜர் தலைகுனிந்தார்.

தலைவி தண்ணீரோரம் போய்ப் பார்த்தார். "திரும்ப வருமா?"

"வரும். எப்போன்னு சொல்லத் தெரியல."

"வந்ததும் சொல்லுங்க, பாக்கலாம். அதுவரைக்கும் வேன் வேண்டாம். காலித் தட்டைப் பாக்கப் பிள்ளைங்க எதுக்கு?"

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவளே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

வேன் கிளம்பியபோது இரட்டைச் சடை ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தியது. "யாராச்சும் வந்தா சொல்லி அனுப்புங்க மிஸ்!"

அதன்பின் தினமும் காலையில் வலை வீசித் தட்டில் கொட்டிப் பார்ப்பாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மேனேஜர் ஒருமுறை வந்தார். "எனக்கு நிஜமாவே தெரியாதும்மா," என்றார். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார்," என்றாள்.

நல்ல மழை இரண்டு பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, தட்டில் ஏதோ நெளிந்தது. உடனே அக்காவை அழைத்தாள்.

"அக்கா, வந்தாச்சு!"

"யாரு, மாப்பிள்ளையா?"

"கொசுப்புழு."

"உனக்கு முத்திப்போச்சுடி," என்றாள் அக்கா.

"அதைத் தின்னுதான்க்கா தட்டான் புழு வளரும். இனிமே தட்டான் வந்து முட்டையிட்டா பிழைச்சுக்கும்."

"சரி, பிழைச்சா?"

"வேன் வரும்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவள் தட்டைத் தண்ணீரோரம் மெதுவாகச் சாய்த்தாள். புழுக்கள் நெளிந்து நெளிந்து உள்ளே போயின. பிறகு எல்லா வலைகளையும் எடுத்துவந்து, பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டியிருந்த கொடியில் ஒவ்வொன்றாக மாட்டினாள். நனைந்திருந்தது அவள் வீசிய ஒன்றுதான்.