இடது பக்க ஸ்பிரிங்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் காரின் மூக்கு பிடிக்கவில்லை. கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு போகிற பழைய வண்டி அது. பின்பக்கம் அடக்கமாக உட்கார்ந்திருக்க, முன்பக்கம் மட்டும் யாரையும் மதிக்காத மாப்பிள்ளை மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பு வைத்திருந்தவர் கனமான எஞ்சின் வண்டிக்கான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தார். வேறு எவர் கண்ணுக்கும் படாத இந்தக் கோணல் இவர் நிம்மதியைக் கெடுத்தது. ஊரார் மூக்கில் ஃபிரேம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தே காலம் தள்ளியவர், பாவம், என்ன செய்வார்.

அவர் மனைவியிடம் அந்த வண்டியின் பேச்சையே எடுக்க முடியாது. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இடது சீட்டில் ஏறிவிடுவாள். எந்தத் தெருவில் திரும்புவது என்பதெல்லாம் அவள் உத்தரவுதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, ஒரு கல்யாண மண்டப வாசலில் அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் மூட்டையை இறக்குவதுபோல் அவளை இறக்கினார்கள். அந்நேரம் இவர் பானெட்டைத் திறந்து யாருக்கோ எஞ்சினின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே இதுல நான் ஏறினா ஏன்னு கேளுங்க" என்றாள் அவள், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவளை வற்புறுத்த இவருக்கு வாய் வரவில்லை. தனியாகவே ஓட்டினார். எங்கே திரும்புவது என்று சொல்ல ஆளில்லாமல், போன வழியிலேயே திரும்பி வந்தார். அவள் இல்லாதது அவருக்கு வருத்தமாகவே இருந்தது.

இன்று பட்டறைக்கு அவளும் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். காருக்காக அல்ல, முடிந்த கையோடு திரைச்சீலை வாங்கப் போக வேண்டும் என்பதற்காக. மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாகப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருந்தாள்.

"பழசையே ஒரு சுத்து வெட்டிட்டா இறங்கிடாதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இறங்கிடும். அப்புறம் பள்ளத்துல விழும்போதெல்லாம் உங்க பல்லு ஆடும். பரவால்லன்னா வெட்டறேன்" என்றார் பட்டறைக்காரர். பிறகு இரண்டு ஸ்பிரிங்குகளை மேஜைமேல் வைத்தார். "இது நீளம் குறைச்சல், ஆனா விறைப்பு. இது நீளம் அதேதான், கொஞ்சம் இளக்கம். வண்டி கனத்துல தானாவே ஒரு விரல் உக்காந்துடும்."

கடைக்காரர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்தும் பார்த்தார். கடைசியில் இளக்கமானதைத் தொட்டார். ஒரு விரல் இறங்கினால் அவருக்குப் போதும்.

"வண்டியில எப்பவும் எத்தனை பேர் போவீங்க?"

"ஒருத்தர்தான்."

பின்னால் பென்சில் சத்தம் நின்றது.

"அப்படின்னா வலது பக்கம் கொஞ்சம் விறைப்பா, இடது பக்கம் இளக்கமா ஜோடி சேத்துடறேன். நீங்க மட்டும் உக்காந்தா வண்டி நேரா நிக்கும். பக்கத்துல யாராவது ஏறினா அந்தப் பக்கம் சாயும். பரவால்லையா?"

பரவாயில்லை என்று சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனாலும் அவர் கண் வண்டியின் இடது சீட்டுக்குப் போனது. அந்த ஜோடியை மாட்டச் சொன்னால், அவள் இடத்தைத் தன் கையாலேயே காலி செய்த மாதிரி ஆகிவிடும்.

"ரெண்டு பேர்னு போடுங்க."

"இப்பதானே சார் ஒருத்தர்னீங்க?"

"அவ ஏறமாட்டா. அன்னிக்கு மண்டபத்துல நான் ஓடிப்போய் கை குடுத்திருக்கணும், குடுக்கல. தப்பு என்னோடதுதான். ஆனா அது அவ சீட்டு. அது சாயக்கூடாது."

பட்டறைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருக்குக் கணக்கு சரியாக வந்தால் போதும். "ஏறாத ஆளுக்கு ஸ்பிரிங் போட்டா, வண்டி கோணலாத்தான் நிக்கும். உங்க இஷ்டம். அவங்க வெயிட் என்ன?"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்ட புருஷன் உலகத்தில் இல்லை. குரலைத் தாழ்த்தி, "அறுபது" என்றார். கல்யாணத்தன்றே அவள் அதைத் தாண்டியிருந்தாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மனைவி முழங்காலில் ஒரு கையை ஊன்றி எழுந்து, மெல்ல நடந்து மேஜைக்கு வந்தாள்.

"எழுபத்தொம்பது" என்றாள்.

பட்டறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். டாக்டரிடம்கூடத் தன் எடையை வாய்விட்டுச் சொன்னவளில்லை அவள். மெஷினில் ஏறி நின்று, நீங்களே பாத்துக்கோங்க என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம்.

"நிஜமாவா?" என்றார் கடைக்காரர். அவர் கேட்டது எடையைப் பற்றி அல்ல.

பட்டறைக்காரர் நோட்டில் எழுதிய அறுபதை அடிக்கிறாரா என்று அவள் எட்டிப் பார்த்து, அடித்த பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அறுபது கிலோவுல யாரைங்க ஏத்தப் போறீங்க?"